ராத்திரி ஒரு மணிக்கு இறங்குகிறேன், அழைத்துப் போக யாரும் வராவிட்டால்?

கேள்வி: நான் செவிலியர், வயது 26. மூன்று வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு தன்னார்வ அமைப்பின் மூலம் வெளிநாட்டில் ஒரு கிராம சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் வேலை செய்யத் தேர்வாகியிருக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். முதல் மூன்று மாதம் அங்கேயே பயிற்சி. ஒரு வாரம் விடுதியில், மற்ற நாளெல்லாம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டுமாம். இதுவரை நான் வெளிநாடே போனதில்லை, அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. விமானம் ராத்திரி ஒரு மணிக்கு இறங்குகிறது. யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தே தூக்கம் போய்விட்டது. அனுபவம் உள்ள எனக்கு மூன்று மாதப் பயிற்சி எதற்கு, நேராக வேலையில் இறங்கினால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்குமே என்றும் தோன்றுகிறது. அம்மாவுக்கு நான் போவதில் இஷ்டமே இல்லை. அங்கே போய் அழுதேன் என்று தெரிந்தால் ‘அப்பவே சொன்னேனே’ என்பார். நான் சமாளித்துவிடுவேனா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் ஏர்போர்ட்டை முடித்துவிடுவோம். நீங்கள் கேட்டதிலேயே சுலபமானது அதுதான், தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

இன்றே உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். ‘யாராவது வருவார்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘கண்டிப்பாக வருவார்கள், கவலை வேண்டாம்’ என்று ஒரு வரி பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வருகிறவர் பெயர் என்ன, அவர் போன் நம்பர் என்ன, கையில் பிடித்திருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கும், எந்த வாசலில் நிற்பார், ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம் என்றால் அந்த ராத்திரியில் போனை எடுக்கப்போவது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆபீஸ் நம்பரைக் கொடுத்தால் விடாதீர்கள்; ராத்திரி ஒரு மணிக்கு ஆபீஸில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். விடுதியின் முகவரியை அந்த நாட்டு எழுத்திலேயே அனுப்பச் சொல்லி, காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுகிறவருக்கு ஆங்கில எழுத்து படிக்க வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அந்த நேரத்தில் உங்கள் போனில் சார்ஜ் இருக்கும் என்பதற்கும்தான்.

அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று ஏன் கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? நான் முதல்முறை இப்படிப் போய் இறங்கியபோது வாசலில் ஐந்தாறு பேர் அட்டையோடு நின்றார்கள், ஒன்றிலும் என் பெயர் இல்லை. பெட்டியைக் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில், திட்டத்தின் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கி எழுதிய அட்டையோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுருக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்திருந்ததால் அவருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. கூட்டம் எல்லாம் கலைந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சமான பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே, அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நிஜமாகவே யாரும் வரவில்லை என்றால், விடியும்வரை கட்டிடத்துக்குள்ளேயே இருங்கள். விளக்கு, கழிப்பறை, காவலர், உங்களைப் போல் காத்திருக்கும் நாலு பேர், எல்லாம் உள்ளேதான் இருக்கும். ‘உங்களைக் கூட்டிவரச் சொன்னார்கள்’ என்று யாராவது வந்தால் உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். அமைப்பின் பெயரையும் அவர் வாயாலேயே வரவழையுங்கள். ஏர்போர்ட்டின் இலவச வைஃபை பல இடங்களில் போனுக்குக் குறுஞ்செய்தியில் ஒரு எண் அனுப்பும், உங்கள் சிம்மில் ரோமிங் இல்லையென்றால் அது வராது. அதனால் ஒரு நாளைக்காவது ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். ஏடிஎம் கார்டு வேலை செய்யாவிட்டால் ஆகும் என்று கொஞ்சம் டாலரும் வேண்டும், கசங்காத, கிழியாத, புதுத் தாளாக. பழைய தாளைப் பல ஊர்களில் மாற்றித் தர மாட்டார்கள்.

இமிக்ரேஷனில் உண்மையைச் சொல்லுங்கள். பயிற்சிக்கு வந்திருக்கிறேன், இந்த அமைப்பு, இத்தனை மாதம், தங்குவது இங்கே என்று சுருக்கமாகச் சொல்லி, அழைப்புக் கடிதத்தை நீட்டுங்கள். விசாவில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதை இப்போதே ஒரு தடவை பாருங்கள். தன்னார்வ வேலைக்கு வருகிறவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகள் நிறைய, சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். ‘டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், கவுன்டரில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள்’ என்று அமைப்பே சொன்னால், என் அபிப்பிராயம், டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு முழு விஷயத்தையும் விசாரியுங்கள். முதல் நாளே உங்களைப் பொய் சொல்ல வைக்கிறவர்கள் நாளைக்கு உங்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் எந்தப் பக்கம் நிற்பார்கள்? பாஸ்போர்ட் விஷயமும் அப்படியே. தங்கும் அனுமதிக்காக வாங்கிக்கொண்டு போவார்கள், அது வழக்கம்தான். ஆனால் எப்போது திரும்பி வரும் என்று எழுதிய ரசீதும் ஒரு நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்களே வைத்திருக்கிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தடுப்பூசி. நீங்களே செவிலியர், உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் ஊசி போடுகிறவர்கள்தான் தங்கள் ஊசியை மறப்பார்கள் என்பது என் அனுபவம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், மூன்று வாரம் இருக்கிறதே என்று கடைசி வாரம்வரை தள்ளினால் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை போடும் பழைய விதி இப்போது இல்லை. போகிற நாட்டை மட்டும் பார்க்காமல் வழியில் மாறும் ஏர்போர்ட்டையும் பாருங்கள். அந்த நோய் பரவும் அபாயம் உள்ள நாடொன்றில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு வந்தாலே சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. மலேரியா தடுப்பு மாத்திரை வேண்டியிருந்தால் அதையும் இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். சிலவற்றைக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் ஆரம்பித்தால் போதும், மெஃப்ளோகுயின் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். உங்கள் சொந்த மருந்துகள், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு, அதனதன் அட்டைப்பெட்டியிலேயே, கைப்பையில் வரட்டும். கோடீன், டிராமடால் மாதிரி வலி மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் குற்றம்.

பெட்டி வராமல் போனால் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கான நஷ்ட ஈட்டை அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. கைப்பையில் இரண்டு நாள் துணி இருந்தால் இதெல்லாம் ஒரு எரிச்சலோடு போய்விடும்.

சரி, இப்போது பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். பதினாலு வருடமாகப் பயிற்சி கொடுப்பதே என் பிழைப்பு, அதனால் நான் பயிற்சிக்குப் பரிந்து பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். ஆனால் யாரைப் பற்றி எனக்குக் கவலை அதிகம் என்று கேட்டால், ஒன்றும் தெரியாமல் பேந்தப் பேந்த விழிக்கிறவர்களைப் பற்றி இல்லை. உங்களைப் போல் வேலை தெரிந்தவர்களைப் பற்றித்தான்.

ஒரு குழுவில் பத்து வருட அனுபவம் உள்ள ஒரு மகப்பேறு செவிலியர் இருந்தார். கெட்டிக்காரர். இரண்டாவது வாரம் எல்லோரையும் ஒரு சுகாதார நிலையத்தைப் பார்க்கக் கூட்டிப் போனோம். பார்க்க மட்டும்தான். அங்கே உதவியாளராக இருந்த ஒரு நடுவயது அம்மாள் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றியிருந்தார். நம் ஆள் பொறுக்க முடியாமல் எழுந்து போய், ஒரு புன்னகையோடு அந்தப் பட்டையைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, சரியாகச் சுற்றி, அளந்து, எண்ணைச் சொன்னார். அவர் செய்ததில் மருத்துவரீதியாக ஒரு தப்பும் கிடையாது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார், கர்ப்பிணி அவர் முகத்தைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். பயிற்சி முடிந்து அதே நிலையத்துக்கே இவருக்கு வேலை போட்டார்கள். இவர் எதைக் கேட்டாலும் அந்த அம்மாளிடமிருந்து ‘சரி’ என்ற ஒரே பதில்தான். எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், யார் பிரசவத்துக்கு வர மறுக்கிறார்கள், யார் மாமியார் தடுக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். இவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாலைந்து மாதம் அப்படியே ஓடியது. கடைசியில் இவர் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், ‘இந்த ஊரில் வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது, எனக்குச் சொல்லித் தருகிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாராம்.

அந்த மூன்று மாதமும் நீங்கள் உதவி செய்யப் போகவில்லை, உதவி வாங்கப் போகிறீர்கள். பயிற்சித் திட்டத்தில் இதை ஒரு பாடமாகப் போட்டிருக்க மாட்டார்கள், மொழி வகுப்பு, பாதுகாப்பு, நிதி விதிகள் என்று கால அட்டவணை நிறைந்திருக்கும். ஆனால் தண்ணீர் எங்கே பிடிப்பது, எந்தப் பஸ்ஸில் ஏறுவது, எந்த நேரத்தில் யார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நாள் முழுக்க யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறீர்கள், எட்டு வயதுப் பையன்கூட உங்களைத் திருத்துவான், உங்களுக்கு அது கூச்சமாக இருக்கும். பிற்பாடு உங்கள் நிலையத்துக்கு வரும் நோயாளியும் அதே கூச்சத்தோடுதான் வாசலில் நிற்பார். மருத்துவமனையில் நீங்கள் எப்போதும் மேஜைக்கு இந்தப் பக்கம்தானே இருந்திருக்கிறீர்கள்?

தொழில்ரீதியாகவும் காரணம் இருக்கிறது. அந்த நாட்டின் செவிலியர் கவுன்சிலில் பதிவு இல்லாமல் நீங்கள் நோயாளியைத் தொடவே கூடாது என்று இருக்கலாம், பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று அதே மெயிலில் கேளுங்கள். உங்களுக்குப் பாரசிட்டமால், சில நாட்டில் அசிட்டமினோஃபென். உங்களுக்கு அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். 03/04 என்று தேதி போட்டிருந்தால் அது ஏப்ரலா மார்ச்சா என்பது நாட்டைப் பொறுத்தது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் நாடுகள் ஏராளம், ‘2,5 மில்லிகிராம்’ என்று அவசரக் கையெழுத்தில் இருப்பதை அசந்த நேரத்தில் 25 என்று படித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘ஆமாம்’ என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், பல்கேரியாவில் அது ‘இல்லை’. ‘மாத்திரை சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டுத் தலையாட்டலை நம்பிப் போகிற வேலை இல்லையே உங்களுடையது. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் 1961இல் தொடங்கியது, இன்றுவரை அவர்களுடைய வழக்கமான 27 மாதப் பணிக்காலத்தில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்குத்தான் போகிறது, அதுவும் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி. அறுபது வருடத்துக்கு மேல் ஆளனுப்பிப் பார்த்தவர்கள் அந்த மூன்று மாதத்தை இன்னும் வெட்டவில்லை.

அழுகை விஷயத்துக்கு வருவோம். அழுவீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அழுகையில் பாதி தூக்கக் கலக்கம்தான். நேரம் மாறிய ஊருக்கு உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் பழகும், கிழக்குப் பக்கம் பயணம் செய்தால் இன்னும் சிரமம். பகலில் வெளிச்சத்தில் நடங்கள், பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள், அந்த நாட்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். சிம் எந்த கம்பெனி என்பதைக்கூட நாலாம் நாள் முடிவு செய்யலாம்.

அதற்கப்புறம் வருவது வேறு மாதிரி. ‘கலாச்சார அதிர்ச்சி’ என்கிறார்களே, அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர், 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் சங்கத்தில் ஆற்றிய உரையில் அதை விளக்கினார். அவர் அடுக்கும் அறிகுறிகள் வேடிக்கையாக இருக்கும்: ஓயாமல் கை கழுவுவது, தண்ணீரையும் படுக்கையையும் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, எங்கேயோ வெறித்துப் பார்ப்பது, சின்னத் தாமதத்துக்கெல்லாம் கோபம் பொங்குவது, எல்லோரும் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைப்பது, ஊருக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு அது துக்கம் மாதிரி வராது. பஸ் இருபது நிமிஷம் தாமதமானதற்கு மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் உங்களுக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும், ‘இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்’ என்று வாயில் வரும். அந்த வாக்கியம் வாயில் வந்தால் பஸ்ஸில் தப்பில்லை என்று புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். முதலில் குஷி, நடுவில் பள்ளம், பிறகு ஏற்றம் என்று ஒரு வளைகோடு போட்டு எல்லாப் பயிற்சியிலும் காட்டுவார்கள், நார்வேயிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்பியவர்களை வைத்து 1955இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது அது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. பலருக்குக் குஷியே இல்லாமல் முதல் நாளே பள்ளம்தான் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் முதல் வாரம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் போர்வைக்குள் அழுதால், உங்களிடம் ஏதோ குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கப்போகும் வீட்டில், மொழிப் புத்தகத்தின் முதல் பாடத்தை விட மூன்று வாக்கியம் முக்கியம்: புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், இதற்கு என்ன பெயர்? மூன்றாவதுதான் பொன். அதை வைத்துக்கொண்டு ஒரு சமையலறையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். நான் தங்கிய வீட்டில் கை பம்பு இருந்தது. முதல் நாள் காலை நான் அதை ஆட்டு ஆட்டென்று ஆட்டியும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த வீட்டுச் சிறுமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றி, என் கையைப் பிடித்துக் கைப்பிடியின் நுனிக்கு நகர்த்தி வைத்தாள். தண்ணீர் வந்தது. கைப்பிடியைத் தட்டி ‘இதற்கு என்ன பெயர்?’ என்றேன். அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன், வீடே சிரித்தது. நான் சொன்னது என்ன கெட்ட வார்த்தை என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சிறுமிக்கு அன்றிலிருந்து நான் அவளுடைய பொறுப்பு.

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இதில் படுமோசம். ஒரு டாக்டர், பயிற்சியில் மூன்றாவது வாரம், மூன்று நாள் காய்ச்சலை ‘சும்மா அலுப்பு’ என்று சொல்லி அறைக்குள்ளேயே கிடந்தார், தான் போய் இன்னொருவரிடம் காட்டுவதா என்ற வீம்பு. மலேரியா. பிழைத்துக்கொண்டார். மலேரியா உள்ள பகுதியில் ஒரு வாரம் கழிந்த பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, விவாதமே கிடையாது. வயிற்றுப்போக்கு அநேகமாக எல்லோருக்கும் ஒரு தடவை வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து எடுத்துப் போங்கள், தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்ற கணக்கு உங்களுக்கே தெரியும். அதை நீங்களே கலக்கிக்கொள்ளாமல் அந்த வீட்டு அம்மாளைக் கலக்கித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: கொசுவுக்கும் பாம்புக்கும் பயப்படுகிற அளவு பைக்குக்கு யாரும் பயப்படுவதில்லை. உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாலை விபத்தில் சாகிறார்கள், பத்தில் ஒன்பது சாவு நடுத்தர, ஏழை நாடுகளில். உங்கள் அமைப்பு பைக்கில் பின்னால் உட்காரக் கூடாது என்று விதி வைத்திருந்தால் அதைக் கிண்டல் செய்யும் பழைய தன்னார்வலர்கள் நாலு பேர் இருப்பார்கள். நீங்கள் விதிப்படியே இருங்கள்.

அம்மா. அவர் ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லத்தான் செய்வார், பயத்தில் சொல்வது அது, தடுக்க முடியாது. அதற்காக எல்லாம் பிரமாதம் என்று மூன்று மாதம் நடித்தால், ஒரு நாள் நிஜமாக ஒரு கஷ்டம் வரும்போது சொல்வதற்கு வழி இருக்காது. அதற்காக அழுகையை நேரடி ஒளிபரப்பும் செய்யாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தால், நீங்கள் அழுது முடித்துக் காலையில் தெம்பாக எழுந்துவிடுவீர்கள், அவர் அங்கே ஒரு வாரம் தூங்க மாட்டார். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில் போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் இல்லாமல் ஒரு தடவை தவறினால் 24 மணி நேரம்வரை பதறக் கூடாது என்று இப்போதே பேசிவிடுங்கள். அவசரத்துக்கு அமைப்பின் நம்பரும், அந்த நாட்டில் இருக்கும் நம் தூதரகத்தின் நம்பரும் அவர் கையில் காகிதத்தில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் தூதரகத்தில் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பத்து மணி அழுகைக்கு வேறு ஒரு ஆள் வேண்டும். உங்களோடு பயிற்சியில் இருக்கும் யாராவது ஒருவர், அவரும் அப்போது அநேகமாக அழுதுகொண்டுதான் இருப்பார்.

திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றும், தோன்றாதவர்களை நான் பார்த்ததில்லை. ஆறு வாரம் முடிவதற்குள் அந்த முடிவை எடுக்க வேண்டாம், எந்த வாரமாக இருந்தாலும் ராத்திரியில் எடுக்க வேண்டாம். இதற்கு விதிவிலக்கு உண்டு. யாராவது தப்பாக நடந்தால், தங்கும் வீடு பாதுகாப்பாக இல்லை என்று உங்களுக்குப் பட்டால், ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த இடத்தை விட்டு உடனே வெளியே வந்துவிட்டு அப்புறம் புகார் எழுதுங்கள். புகாரை யாரிடம் கொடுப்பது என்பதை முதல் வாரமே கேட்டு வையுங்கள், அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற அமைப்பை நம்பாதீர்கள். ஆறு வாரம் முடிந்தும், பகலிலும், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் இது எனக்கான இடம் இல்லை என்று தோன்றினால் வந்துவிடுங்கள். அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை, பயிற்சிக் காலத்தில் கிளம்புவது வேலையில் சேர்ந்து நோயாளிகள் பழகிய பிறகு கிளம்புவதை விட எல்லோருக்கும் நல்லது.

பெட்டியில் என்ன வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்று மட்டும். குடும்பப் போட்டோ ஏழெட்டை அச்சடித்து எடுத்துப் போங்கள். போனில் இருப்பது போதாது. போனை நீட்டினால் ஒரு நொடி பார்த்துத் திருப்பித் தருவார்கள், காகிதப் போட்டோ என்றால் கையில் வாங்கி, துடைத்து, வீட்டில் ஒவ்வொருவராகப் பார்த்து, இது யார், இது யார் என்று கேட்பார்கள். இது அம்மா, இது தம்பி, இது பக்கத்து வீட்டு அக்கா என்று நீங்கள் அந்த மொழியில் முதல்முதலாகப் பேசப்போவது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். எந்தப் போட்டோக்கள் என்பதை அம்மாவையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.